கறி இல்லாமல் ஒரு ஸ்காட்லாந்து சூப்... வடசென்னை அடுப்பில் கொதிக்கும் பார்லி!

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய், 'எந்த ஆஸ்பத்திரியில பொறந்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'ரெய்னி ஆஸ்பத்திரி' என்று பதில் சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். மழைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. அது கிறிஸ்டினா ரெய்னி என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் பெயர். அந்த ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்த டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயிலும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஸ்கை என்ற தீவில் பிறந்து, மருத்துவம் படித்து, 1888-ல் மதராஸுக்கு வந்தவர்.

மதராஸில் ஸ்காட்லாந்துக்காரர்களின் தடம் அங்கே மட்டும் இல்லை. தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, கிளாஸ்கோ நகரத்துக்காரர். எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம், இங்கே வாழ்ந்த ஸ்காட்லாந்து மக்களுக்காகக் கட்டப்பட்டது. அவர்கள் வந்தார்கள், வியாபாரம் பார்த்தார்கள், ஆட்சி செய்தார்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், போய்விட்டார்கள்.

ஆனால், அவர்கள் ஊரின் தினசரிச் சாப்பாடான ஒரு சூப் மட்டும் நம் வீடுகளுக்குள் வரவே இல்லை. அதன் பெயர் 'ஸ்காட்ச் பிராத்'. பார்லி, காய்ந்த பட்டாணி, காய்கறிகள், ஆட்டுக்கறி எல்லாம் ஒரே பானையில் கொதித்து வரும் கெட்டியான சூப். இதிலிருந்து கறியை எடுத்துவிட்டு, ருசியும் சத்தும் குறையாமல் நம் வீட்டில் செய்ய முடியுமா? முடியும். அதற்குத் தேவையான எல்லாமே தண்டையார்பேட்டை மார்க்கெட்டிலும் தெருமுனை மளிகைக் கடையிலும் கிடைக்கிறது.

நம்ம ஊர் ரசத்தில் கறி சேர்ந்த கதை

ஸ்காட்லாந்து சூப்புக்குப் போகும் முன், நம் ஊரில் இருந்து கிளம்பிப் போன ஒரு சூப்பின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம், இங்கே செய்யப்போவது அந்தக் கதையின் தலைகீழ் வேலை.

உலகம் முழுக்க ஹோட்டல் மெனு கார்டுகளில் 'மல்லிகடானி சூப்' என்று ஒன்று இருக்கும். டின்னில் அடைத்தும் விற்கிறார்கள். அது நம் 'மிளகுத் தண்ணி'தான். கறி எதுவும் இல்லாத மிளகு ரசம். மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. ஆனால், சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் குடித்துப் பழகியவர்களுக்கு வெறும் ரசம் போதவில்லை. அதில் கோழியும் ஆட்டுக்கறியும் சேர்ந்தன. வெங்காயம் வதக்கிப் போட்டார்கள். கெட்டியாக இருக்க மாவு கரைத்து ஊற்றினார்கள். 1817-ல் லண்டனில் வெளிவந்த வில்லியம் கிச்சினரின் சமையல் புத்தகத்திலேயே இந்த சூப்புக்குச் செய்முறை இருக்கிறது.

அதற்கும் முன்னால், இந்தப் பெயர் ஆங்கிலத்தில் பதிவானது ஒரு சிறைச்சாலையில்! ஹைதர் அலியிடம் கைதியாக இருந்த ஒரு கடற்படைக்காரர் எழுதியதாக 1784-ல் ஒரு பாட்டு அச்சானது. பெங்களூரு சிறையில் மிளகுத் தண்ணியும் கஞ்சியும்தான் சாப்பாடு என்று அதில் புலம்பியிருக்கிறார். 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் ஆங்கிலேயப் படை தோற்றபோது, பிடிபட்டவர்களில் ஸ்காட்லாந்து வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் பெயர்ட், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுமார் 4 ஆண்டுகள் சிறையில் இருந்தார். பிறகு 1799-ல், அதே கோட்டையைத் தாக்கிய படையை முன்னின்று நடத்தியவரும் அவர்தான்.

சிறைச் சாப்பாடாகப் பதிவான மிளகுத் தண்ணி, பிறகு அதிகாரிகளின் விருந்து மேஜைக்கு ஏறியது. எந்த அளவுக்கு என்றால், மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. மல்லிகடானியின் சுருக்கம் அது. 1878-ல் மதராஸ் சமையல் பற்றிப் புத்தகம் எழுதிய ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட், இந்தப் பெயர் தமிழின் மிளகுத் தண்ணியில் இருந்து வந்தது என்று விளக்கமாகவே எழுதியிருக்கிறார்.

ராயபுரத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. ரயில்வே வேலையை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தப் பகுதியில் குடியேறின. அவர்கள் வீடுகளில் ரசத்துக்குப் பெயர் 'பெப்பர் வாட்டர்'. மிளகுத் தண்ணியின் நேரடி மொழிபெயர்ப்பு! அதில் கறி சேர்க்க மாட்டார்கள். சோற்றில் ஊற்றிக்கொண்டு, தொட்டுக்கொள்ளக் கறி வறுவலோ பொரியலோ தனியாக வைத்துக்கொள்வார்கள். விருந்து மேஜைக்குப் போன சூப் கறியோடு மாறிவிட்டது. வீட்டுச் சமையலறையில் இருந்தது மாறவில்லை.

அங்கேயும் ஏழைப் பானைதான்

'கறி இல்லாமல் செய்தால் அது ஸ்காட்ச் பிராத் ஆகுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்றைக்கு ஸ்காட்லாந்தில் ஹோட்டலுக்குப் போய் ஸ்காட்ச் பிராத் கேட்டால், ஆட்டுக்கறியோ மாட்டிறைச்சியோ வேக வைத்த தண்ணீரில் செய்ததுதான் பெரும்பாலும் வரும்.

ஆனால், பழைய காலத்தில் அந்த ஊரின் சாதாரணக் குடும்பங்களுக்குக் கறி என்பது தினமும் கிடைக்கிற பொருள் இல்லை. குளிர் அதிகம், கோதுமை சரியாக விளையாது. விளைந்தது பார்லியும் ஓட்ஸும். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் 'கெயில்' என்ற கீரை இருக்கும். முட்டைகோஸின் சொந்தக்காரக் கீரை அது. பார்லியும் கெயிலும் கொதித்த பானைதான் தினசரிச் சாப்பாடு. 'கெயில்' என்ற சொல்லே அங்கே சூப்புக்கும், சாப்பாட்டுக்கும்கூடப் பெயராகிவிட்டது. நம் ஊரில் 'சோறு தின்னியா?' என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று அர்த்தம் ஆவது போலத்தான்.

எலும்பு கிடைத்த நாளில் அது பானைக்குள் போகும். வெந்த கறியை வெளியே எடுத்துத் தனியாகப் பரிமாறும் வழக்கமும் இருந்தது. முதலில் சூப், பிறகு கறி. ஒரு துண்டுக் கறியில் இரண்டு வேளைச் சமாளிப்பு.

1773-ல் ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போன ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், அந்த நாட்டைக் கிண்டல் செய்வதில் பெயர் பெற்றவர். அவரே அபர்டீன் நகரத்தில் பார்லியும் பட்டாணியும் போட்ட இந்த சூப்பைத் தட்டுத் தட்டாக வாங்கிக் குடித்தார் என்று, கூடவே போன பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். அவர் குறிப்பில் இடம் பிடித்தது பார்லியும் பட்டாணியும்தான் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் இதற்கு நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? நோன்புக் கஞ்சி! தானியம், பருப்பு, வாசனைப் பொருள் எல்லாம் ஒரே அண்டாவில். கறிக்கொத்து போட்டும் செய்யலாம், போடாமலும் செய்யலாம். இரண்டும் நோன்புக் கஞ்சிதான். ஸ்காட்ச் பிராத்தும் அதே ரகம்.

கறி இல்லாத நாள்கள்

வடசென்னையில் கறியும் மீனும் இல்லாத சமையலுக்குத் தேவை அடிக்கடி வருகிறது. புரட்டாசி வந்தால் பல வீடுகளில் கவுச்சி நிற்கும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டால் நிற்கும். தவக்காலத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. அந்த 40 நாள்களும் கறியைத் தொடாத வீடுகளும் உண்டு. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பிரதோஷம், கிருத்திகை என்று நாள் பார்த்துச் சமைப்பவர்கள் பலர்.

அதே திருவொற்றியூர் கோயிலுக்கு, ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த காலத்தில் அடிக்கடி போய் வந்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். கொல்லாமையையும் பசி போக்குவதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னவர். 1867-ல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கறி இல்லாத ஒரு பெரிய பானை, எத்தனை பேர் வந்தாலும் வயிறு நிறையச் சாப்பாடு என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் கிடையாது.

விரதத்தால் வருவது ஒரு வகை. வேறு வழியில்லாமல் வருவது இன்னொரு வகை. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக வந்த தடை அது. தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு அரசு தருவது 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால், நாள் ஒன்றுக்குச் சுமார் 131 ரூபாய். கரையோரம் போகும் சிறு படகுகள் கொண்டுவரும் மீன் குறைவு என்பதால் விலையும் ஏறிவிடும்.

எண்ணூர் பக்கம் இதைவிடக் கஷ்டமான நாள்களும் வந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வலையும் படகும் கறுத்தன. வாரக்கணக்கில் தொழில் நின்றது. பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை.

மீனையே நம்பிப் புரதம் சாப்பிட்ட வீடுகளில், இப்படிப்பட்ட நாள்களில் சாப்பாடு பெரும்பாலும் சோறும் ரசமுமாகச் சுருங்கிவிடுகிறது. வயிறு நிறையும், சத்து நிறையாது. கறி இல்லாத சூப்பை வெறும் வித்தியாசமான பலகாரமாகப் பார்க்காமல், கொஞ்சம் அக்கறையோடு பார்க்க வேண்டியது இதனால்தான்.

கறியை எடுத்தால் என்ன போகிறது?

சூப்பில் இருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே செய்தால், காய்கறி வேக வைத்த தண்ணீர்தான் மிஞ்சும். அதைக் குடித்துவிட்டு, 'சைவ சூப் என்றாலே சப்பென்றுதான் இருக்கும்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். கறியோடு சேர்ந்து வெளியே போவது நான்கு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்று வைக்க வேண்டும்.

முதலாவது, ருசி. கறிச்சாற்றில் நாக்கில் நிற்கும் ஒரு கனமான சுவை இருக்கும். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதிலும் சேராத அந்தச் சுவையை 1908-ல் ஜப்பான் விஞ்ஞானி கிகுனாயே இகேடா 'உமாமி' என்று பெயரிட்டார். கடல்பாசியில் இருந்து அதைப் பிரித்தெடுத்தார். குளூட்டமேட் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். இது தக்காளியிலும் காளானிலும் நிறைய இருக்கிறது. வெங்காயத்தை நிதானமாகச் சிவக்க வதக்கினால் அதிலும் ஆழமான ருசி வரும்.

இரண்டாவது, கெட்டித்தன்மை. எலும்பு கொதிக்கும்போது ஜெலட்டின் இறங்கி சூப்புக்கு ஒரு வழுவழுப்பு கொடுக்கும். இங்கே அந்த வேலையைப் பார்லியே செய்துவிடும். பார்லியில் 'பீட்டா குளூக்கான்' என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது தண்ணீரில் இறங்கிக் குழம்பு பதம் கொடுக்கும். கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றத் தேவையே இல்லை.

மூன்றாவது, கொழுப்பு. வாசனையைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். ஒரு ஸ்பூன் வெண்ணெயும் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெயும் போதும். எண்ணெயே வேண்டாம் என்று நினைத்தால் ருசியில் குறை தெரியும்.

நான்காவது, புரதம். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு பேருக்கான சூப்பில் எலும்பில்லாத கறி 250 கிராம் போட்டால், அதிலிருந்து மட்டும் சுமார் 45 முதல் 50 கிராம் புரதம் கிடைக்கும். அதை எடுத்துவிட்டால் 100 கிராம் பார்லியில் சுமார் 10 கிராம், 50 கிராம் காய்ந்த பட்டாணியில் சுமார் 12 கிராம். ஆளுக்கு 5 கிராம்தான் வரும். அதனால்தான் கீழே உள்ள செய்முறையில் மைசூர் பருப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்திலும் இந்தப் பருப்பில் சூப் வைப்பது வழக்கம்தான். 50 கிராம் பருப்பு சேர்ந்தால் ஆளுக்குச் சுமார் 8 கிராம் ஆகிவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. அதில் ஆறில் ஒரு பங்கு ஒரு கிண்ணத்தில்!

தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வது போல, இங்கே பார்லியும் பருப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

மார்க்கெட்டில் என்ன வாங்க வேண்டும்?

ஸ்காட்ச் பிராத்தில் லீக் என்ற பெரிய தாள் வெங்காயம் போடுவார்கள். நமக்கு வெங்காயத்தாள் போதும். வெள்ளைப் பகுதியை வதக்கவும், பச்சைப் பகுதியைக் கடைசியில் தூவவும் வைத்துக்கொள்ளலாம். டர்னிப் கிழங்குக்குப் பதில் நம் நூக்கல். லேசான இனிப்பும் மண் வாசமும் உள்ள காய் என்பதால் கச்சிதமாகப் பொருந்தும். கெயிலுக்குப் பதில் முட்டைகோஸ் அல்லது முருங்கைக்கீரை. பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லித்தழை. கேரட் அப்படியே இருக்கட்டும்.

பார்லி அரிசி மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதற்காக மட்டுமே நாம் வாங்கும் அதே பார்லிதான். சூப்பர் மார்க்கெட்டில் 'பேர்ல் பார்லி' என்று எழுதியிருக்கும். முழு மணியாக வாங்குங்கள், மாவு வேண்டாம்.

தேவையானவை (4 பேருக்கு):

பார்லி அரிசி - 100 கிராம்
காய்ந்த பட்டாணி - 50 கிராம்
மைசூர் பருப்பு - 50 கிராம்
பெரிய வெங்காயம் - 2
பூண்டு - 6 பல்
தக்காளி - 1
காளான் - 100 கிராம்
கேரட் - 2
நூக்கல் - 1
நறுக்கிய முட்டைகோஸ் - 1 கப்
வெங்காயத்தாள் - 1 கட்டு
பிரிஞ்சி இலை - 1
மிளகு - 1 டீஸ்பூன் (ஒன்றிரண்டாக இடித்தது)
வெண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
கடலை எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
உப்பு, கொத்தமல்லித்தழை - தேவையான அளவு

செய்முறை:

பட்டாணியை முதல் நாள் இரவே ஊற வைத்துவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாயுத் தொல்லை குறையும். பார்லியை நன்றாகக் கழுவி 1 மணி நேரம் ஊற வைத்தால் போதும்.

பட்டாணி, பார்லி, பருப்பு, பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் 5 லிட்டர் குக்கரில் போட்டு 1 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். சில சொட்டு எண்ணெய் விடுங்கள். பார்லி பொங்கும் என்பதால் குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடங்கள் வைத்து இறக்குங்கள். பட்டாணி விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். பார்லி மணி உடையாமல் மெத்தென்று இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய், வெண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்துச் சிறு தீயில் வதக்குங்கள். 15 நிமிடங்களாவது ஆகும். பிரியாணிக்கு வதக்குவது போல் தீயைக் கூட்டினால் கருகும், கசக்கும். தேன் நிறம் வந்ததும் பூண்டையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் போடுங்கள்.

காளானைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, காளான் பாத்திரத்தில் லேசாக ஒட்டிப் பழுப்பு நிறம் வரும் வரை விடுங்கள். இந்தப் பழுப்புதான் கறிச்சாற்றின் இடத்தை நிரப்பப் போகிறது. பிறகு தக்காளியைப் போட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்கி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிடுங்கள்.

இப்போது குக்கரில் வெந்ததை அப்படியே ஊற்றி, மேலும் அரை லிட்டர் வெந்நீர் சேருங்கள். சிறு சதுரமாக நறுக்கிய கேரட், நூக்கல் போட்டு மூடி, சிறு தீயில் 15 நிமிடங்கள் கொதிக்கட்டும். அதன்பின் முட்டைகோஸ் போட்டு 5 நிமிடங்கள். உப்பு சரிபார்த்து, மிளகு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கொத்தமல்லி தூவி இறக்குங்கள்.

முருங்கைக்கீரை போடுவதாக இருந்தால் கடைசி 3 நிமிடங்களில் போடுங்கள். அதற்கு மேல் கொதித்தால் கசப்பு இறங்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

இஞ்சி பூண்டு விழுது, பட்டை, சோம்பு சேர்த்தால் அது குருமா ஆகிவிடும். நன்றாக இருக்கலாம், ஆனால் இந்த சூப் இல்லை. மஞ்சள்தூள்கூடத் தேவையில்லை.

காய்கறிகளைக் குக்கரிலேயே சேர்த்து வேக வைக்காதீர்கள். எல்லாம் குழைந்து ஒரே மசியலாகிவிடும். கேரட்டும் நூக்கலும் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். அதில்தான் இந்த சூப்பின் சுகமே இருக்கிறது.

ருசி போதவில்லை என்று கடையில் விற்கும் சூப் க்யூப்பைக் கரைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அதில் உப்பு ஏற்கெனவே அதிகம். இரண்டு, சிலவற்றில் கோழிச்சாறு இருக்கும். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் 'வூஸ்டர் சாஸ்' ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். அந்த சாஸின் அசல் தயாரிப்பில் புளியோடு நெத்திலி வகை மீனும் உண்டு! விரத நாளில் தெரியாமல் ஊற்றிவிடக் கூடாது. அந்தப் புளிப்பு வேண்டும் என்றால், நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீர் 1 டீஸ்பூன் விட்டால் போதும்.

காளான்தான் இந்தப் பட்டியலில் விலை கூடிய பொருள். பிடிக்காதவர்களும் கட்டுப்படியாகாதவர்களும் விட்டுவிடலாம். அதற்குப் பதில் இன்னொரு தக்காளியும் இன்னொரு வெங்காயமும் சேர்த்து, வதக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சமாளித்துவிடலாம்.

யாருக்கு நல்லது, யார் கவனிக்க வேண்டும்?

100 கிராம் பார்லியில் சுமார் 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. வெள்ளை அரிசியில் இதில் சிறு பங்குகூடக் கிடையாது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் உணவில் சேர்ந்தால் கெட்ட கொழுப்பு குறைய உதவும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பார்லியின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால், சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை.

ஆனால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த சூப் சோற்றுக்குப் பதிலாகத்தான், சோற்றோடு சேர்த்து அல்ல. சூப் குடித்துவிட்டு மூன்று தோசை சாப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். இரவு 7 மணிக்கு ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டால் அதுவே ராத்திரிச் சாப்பாடு.

கோதுமையில் உள்ள குளூட்டன் பார்லியிலும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்லிக்குப் பதில் சாமை அல்லது வரகு போடலாம். அந்த வழுவழுப்பு கொஞ்சம் குறையும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பருப்பு, தக்காளி, கீரை எவ்வளவு சேர்க்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

பல் இல்லாத பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பாதி சூப்பை மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து மீதியோடு கலந்து கொடுக்கலாம். சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆட்டுக்கால் சூப் குடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, மிளகைக் கொஞ்சம் தாராளமாகத் தூவிக் கொடுங்கள். மறுப்பு வராது.

மீந்துபோனால் கவலை வேண்டாம். சூப் ஆறியதும் பார்லி தண்ணீரை உறிஞ்சிக் கூழ் போல இறுகிவிடும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை ஒரு கப் வெந்நீர் ஊற்றிக் கொதிக்க விட்டால் பழைய பதத்துக்கு வந்துவிடும். முதல் நாளைவிட அடுத்த நாள் ருசி கூடியிருக்கும். தண்ணீருக்குப் பதில், வீட்டில் இருக்கும் மிளகு ரசத்தின் தெளிவை ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத் தண்ணியில் கறியைப் போட்டார்கள். நாம் அவர்கள் சூப்பில் கறியை எடுத்துவிட்டு மிளகுத் தண்ணியை ஊற்றுகிறோம். கணக்கு சரியாகிவிட்டது!